ஹார்லெமின் பிள்ளைகளும் போதையும்

வெள்ளி விழா மலர்களில் கல்வியின் மேன்மையை எடுத்துரைக்கும் கட்டுரைகள் பல இடம்பெறுவது வழக்கம். நாம் இங்கே கல்விக்குப் பகையாய் நிற்கும் ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பயிலும் பிள்ளைகளிடையே மதுவும், கஞ்சாவும், உதட்டில் அடக்கும் புகையிலையும், வலி நீக்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடிய பழக்கமும் புகுந்துள்ளமையைப் பெற்றோரும் அறிவர், ஆசிரியரும் அறிவர். இதனைத் தடுக்க வல்லது எது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. சாமி கும்பிடுகிற பிள்ளை கெட்டுப்போக மாட்டான் என்பார் ஒருவர். பக்தியால் பயனில்லை, காவல்துறைதான் வேண்டும் என்பார் மற்றொருவர். ஊர்க் கட்டுப்பாடு இருந்த நாளில் இந்தக் கேடு இல்லை என்று பெருமூச்சு விடுவார் முதியவர். இவ்விடைகள் யாவற்றையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தம் வாழ்விலேயே சோதித்துப் பார்த்த மக்கள் கூட்டம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கறுப்பின மக்களே அவர்கள். அவர்தம் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது நமக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

அவர்களோடு நமக்குள்ள உறவு புதியதன்று. சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அப்பல்கலைக்கழகம் அமைந்த மேட்டிலிருந்து இறங்கினால் ஹார்லெம் வந்துவிடும். அவர் அங்கே பயின்ற ஆண்டுகளில்தான் கறுப்பின மக்கள் அப்பகுதியில் பெருவாரியாகக் குடியேறிக்கொண்டிருந்தனர். பின்னர் 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டூபாய்சுக்கு எழுதிய கடிதமும், அதற்கு வந்த மறுமொழியும் வரலாற்றில் பதிவாகியுள்ளன.

அடிமை முறை நிலவிய நாளிலிருந்தே தொடங்குவோம். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, 1838இல் தப்பியோடி, விடுதலை இயக்கத்தின் பெரும் பேச்சாளராய் உயர்ந்தவர் பிரெடரிக் டக்ளஸ். 1845இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் ஆண்டைகள் தரும் விடுமுறை பற்றி ஒரு பகுதி வருகிறது. கிறித்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அடிமைகளுக்கு வேலையில்லை. அந்நாட்களில் துடைப்பம் கட்டியோ கூடை முடைந்தோ தனக்கென நாலு காசு சேர்க்க முயலும் அடிமையை ஆண்டைக்குப் பிடிக்காது. குடித்துக் கிடப்பவனையே அவன் விரும்பினான். யார் மிகுதியாகக் குடிப்பது என்று அடிமைகளிடையே பந்தயம் வைத்து, விஸ்கியைத் தானே வழங்கிய ஆண்டைகளும் இருந்தனர். இதன் உட்கருத்தை டக்ளஸ் தெளிவாக விளக்குகிறார். விடுதலை என்றாலே குடித்துப் புரண்டு வாந்தியெடுப்பதுதான் என்று அடிமை நம்ப வேண்டும். அந்த அருவருப்போடு அவன் புத்தாண்டன்று வயலுக்குத் திரும்ப வேண்டும். கூலியின் ஒரு பகுதியைச் சாராயமாகவும் கள்ளாகவும் கொடுத்துப் பழக்கிய பண்ணைகளின் கதையைத் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

அதே நூலில் மற்றொன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகளுக்கு எழுத்தறிவிக்க டக்ளஸ் ஒரு பள்ளி தொடங்கினார். தடிகளோடு வந்து அதனைக் கலைத்தவர்கள் யாரென்று எண்ணுகிறீர்கள்? அவ்வூர்த் திருச்சபையில் வகுப்புத் தலைவர்களாய் இருந்த வெள்ளையர்கள்! அடிமைகள் மற்போர் புரிந்தும் குடித்தும் பொழுதைக் கழிப்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை. விவிலியத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதே குற்றமாய்ப் பட்டது. டக்ளஸின் ஆண்டையான தாமஸ் ஆல்டு 1832இல் ஒரு சமயக் கூட்டத்தில் மனம் மாறிப் பக்தரானார். அதன்பின் அவர் கொடுமை முன்னினும் மிகுந்தது என்பதும் டக்ளஸின் சாட்சியமே. சமயப்பற்று மாந்தரை நல்லவராக்கும் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவோர் இப்பக்கங்களைப் படிக்க வேண்டும். டக்ளஸ் சோர்ந்துவிடவில்லை. வேறோர் இடத்தில், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஒருவரது வீட்டில் மீண்டும் பள்ளியை நடத்தினார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்து பயின்றனர். வீட்டுக்காரருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று அஞ்சி அவர் பெயரை நூலில் எழுதாமல் விட்டார். நூல் வெளிவந்த அதே 1845இல் அயர்லாந்து சென்ற அவர், மதுவிலக்குத் துறவியான பாதர் மாத்யூவிடம் குடிக்க மாட்டேன் என்னும் உறுதிமொழியை மேற்கொண்டார். குடியை ஒழிப்பதும் எழுத்தைக் கற்பதும் அவருக்கு ஒரே விடுதலையின் இரு கைகள்.

வடக்கே, அடிமைத்தளை தளர்ந்த பிலடெல்பியா நகரில் கதை வேறு வகையாய் வளர்ந்தது. ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்சும் 1787 ஏப்ரலில் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் விதிகள் நமக்கு இன்றும் கிடைக்கின்றன. உறுப்பினர் ஒவ்வொருவரும் திங்கள்தோறும் ஒரு ஷில்லிங் வெள்ளிக்காசு செலுத்த வேண்டும். நலிந்தோர்க்கும் கைம்பெண்களுக்கும் அந்நிதியிலிருந்து உதவி கிடைக்கும். இறந்த உறுப்பினரின் பிள்ளைகள் இலவசப் பள்ளியில் சேர இயலாவிடின் சங்கமே கல்விச் செலவை ஏற்கும்; அவர்களைத் தக்க தொழிலிலும் பழகவிடும். குடிகாரர் எவரையும் சங்கத்தில் சேர்ப்பதில்லை. சேர்ந்தபின் ஒழுங்கு தவறினால் நீக்கப்படுவர். இச்சங்கத்தின் வேரிலிருந்துதான் கறுப்பின மக்களின் தனித் திருச்சபைகள் முளைத்தன. வெள்ளையர் கோயிலில் மண்டியிட்டு வேண்டுகையிலேயே இழுத்து எழுப்பப்பட்ட அவமானத்திற்குப் பின் அவர்கள் வெளியேறினர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆலன் தலைமையில் 1816இல் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை முறையாக அமைந்தது.

மேற்கண்ட விதிகளை நாம் சற்று உற்றுநோக்க வேண்டும். தெய்வ நம்பிக்கை, மாதச் சந்தா, பிள்ளைகளின் கல்வி, குடிவிலக்கு ஆகிய நான்கும் ஒரே கயிற்றின் புரிகளாய் முறுக்கேறியிருந்தன. உறுப்பினர் குடித்தால் அவர் இழப்பது வெறும் நற்பெயரன்று. நோயுற்ற நாளில் கிடைக்கும் உதவியையும், தாம் மறைந்தபின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும் இழக்கிறார். கட்டுப்பாடு வலிமை பெற்றது இதனால்தான். ஆயினும் இதிலே ஓர் இடர்ப்பாடும் உண்டு. குடிகாரரைச் சேர்க்காத சங்கம் ஒழுக்கமுள்ளோரைக் காக்கும். வழுக்கி விழுந்தவரை என்ன செய்வது? அவ்விதிகளில் இதற்கு விடையில்லை. இக்கேள்வி அடுத்த நூற்றாண்டில் ஹார்லெம் தெருக்களில் பேருருவம் எடுத்தது.

முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து தென் மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டுக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே பெயர்ந்தனர். ஊரில் ஒவ்வொருவரும் மற்றவர் பிள்ளையை அறிவர். தவறு கண்டால் யார் வேண்டுமானாலும் தட்டிக் கேட்பர். நகரத்து அடுக்கு வீடுகளில் அது இயலவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட, பிள்ளைகள் தெருவில் வளர்ந்தனர். ஊரின் இடத்தை நிரப்ப முயன்றவை திருச்சபைகளே. 138ஆம் தெருவில் 1923இல் எழுந்த அபிசீனியன் பாப்டிஸ்ட் கோயில் போன்ற பெருங்கோயில்கள் ஒருபுறம். காலியான கடையை வாடகைக்குப் பிடித்து, நாற்பது நாற்காலி போட்டு நடத்திய சிறு சபைகள் மறுபுறம். இக்கடைச் சபைகளைப் படித்தவர் சிலர் ஏளனம் செய்ததுண்டு. ஏளனத்திற்கு அவை உரியன அல்ல என்பது நம் கருத்து. அயலூரில் வந்து இறங்கிய ஏழைத் தாய்க்குப் 'பிள்ளையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல ஓரிடம் அங்கேதான் கிடைத்தது.

எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவின் அத்தகைய சூழலில் வளர்ந்தவர். 1924இல் ஹார்லெமில் பிறந்த அவருக்கு, 1938ஆம் ஆண்டுக் கோடையில் பதினான்கு வயது. உடன் பயின்ற தோழர்கள் குடிக்கவும் புகைக்கவும் தொடங்கியிருந்தனர். தெருமுனையில் நின்ற தரகர்களும் சூதாடிகளும் அதுவரை வேடிக்கைக் காட்சியாய் இருந்தவர்கள். திடீரென அவர்களுள் ஒருவனாகத் தானும் ஆகிவிடக்கூடும் என்னும் அச்சம் அவரைப் பற்றியது. அச்சத்தினால் ஓடிப்போய்த் திருச்சபைக்குள் புகுந்தார். சிறுவர் பிரசங்கியாராகவும் ஆனார். 1963இல் வெளிவந்த நூலில் இதனை ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். அவரை முதன்முதலில் கண்ட பெண் போதகர், நீ யாருடைய பிள்ளை என்னும் பொருள்பட வினவினாராம். தெருவில் நின்ற தரகர்களும் அதே கேள்வியைக் கேட்டே சிறுவர்களை வளைத்தனர் என்று அவர் குறிப்பது நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஏதேனும் ஒரு கூட்டத்திற்கு உரியவனாய் இருக்க வேண்டும் என்னும் வேட்கை அந்த வயதில் பசியைப் போன்றது. யார் முதலில் சோறிடுகிறாரோ அவர் வீட்டில் பிள்ளை உண்பான்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் பால்டுவின் பிரசங்க மேடையை விட்டு நீங்கினார். அன்பைப் பற்றிப் பேசியவர்களிடம் அவர் கண்ட அன்பு கோயில் வாசலோடு நின்றுவிட்டது. அவர் கேட்ட வினாக்களுக்கு அங்கே இடமில்லை. சமயம் சில பிள்ளைகளை நெருக்கடியான சில ஆண்டுகளைக் கடத்திவிடும் ஓடமாய்ப் பயன்படுகிறது; கரை சேர்ந்தபின் அவர்கள் ஓடத்தில் தங்காமல் போகலாம். அதனைத் துரோகம் என்று பழித்தல் தகாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஹெராயின் வந்தது. 1949 முதல் 1952 வரையிலான ஆண்டுகளில் ஹார்லெமிலும் அதையொத்த ஏழைக் குடியிருப்புகளிலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஊசிக்கு அடிமையாயினர். நியூயார்க் நகர நிருவாகம் 1952இல் நார்த் பிரதர் தீவில் இளைஞர்க்கென ரிவர்சைடு மருத்துவமனையைத் திறந்தது. ஆற்றின் நடுவே தீவில் அடைத்து, மருந்து கொடுத்து, பாடம் நடத்தி, தேறியவுடன் அதே தெருவுக்குத் திருப்பி அனுப்பினர். அனேகமாக எல்லோரும் மீண்டும் ஊசியைத் தேடினர். பின்னர் நடந்த ஆய்வு அதனை வெளிப்படுத்தியது; 1963இல் மருத்துவமனை மூடப்பட்டது. இசிடர் செயின் தலைமையிலான ஆய்வாளர் குழு, 1964இல் வெளியிட்ட நூலில், ஹெராயினுக்கு ஆட்பட்ட இளைஞருள் மிகப் பெரும்பாலோர் நகரின் ஒரு சிறு பகுதியில், வறுமையும் நெரிசலும் குடும்பச் சிதைவும் ஒருங்கே மிக்க தெருக்களில் வாழ்ந்தனர் என்று காட்டிற்று. இன்னொன்றையும் அக்குழு கண்டது. அதே தெருக்களில் வாழ்ந்த பிள்ளைகளுள்ளும் பெரும்பாலோர் ஹெராயினைத் தொடவில்லை. ஆகவே வறுமை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. வறுமையைக் கணக்கில் கொள்ளாத விளக்கமும் பொருந்தாது.

திருச்சபைகள் அப்போது என்ன செய்தன? பல சபைகள் கண்ணை மூடிக்கொண்டன. பழக்கத்திற்கு அடிமையான பிள்ளையின் தாய் கோயிலில் அதனைச் சொல்லவும் கூசினாள். விலக்காகச் சிலர் இருந்தனர். கிழக்கு ஹார்லெமில் நார்மன் எடி என்னும் போதகர் 1956இல் போதைக்கு ஆட்பட்டோர்க்கென ஒரு குழுவை அமைத்து, அவர்களுக்கு மருத்துவமும் சட்ட உதவியும் தேடித்தந்தார். கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் விழுந்தவரைத் தேடிச் சென்று தூக்குவதையே முறையாக வகுத்துக்கொண்ட கூட்டம் வேறொரு திசையிலிருந்து தோன்றியது.

மால்கம் எக்ஸ் 1925இல் பிறந்தவர். பதின்பருவத்திலேயே பாஸ்டனிலும் ஹார்லெமிலும் கஞ்சா விற்றும் கோகெயின் நுகர்ந்தும் திருடியும் அலைந்தவர். 1946இல் சிறை புகுந்தார். அகராதியின் சொற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதித் தம்மைத் தாமே கற்பித்துக்கொண்டார். 'நேஷன் ஆப் இஸ்லாம்' இயக்கத்தில் இணைந்து 1952இல் வெளிவந்தார். 1954இல் ஹார்லெம் பள்ளிவாசலின் பொறுப்பை ஏற்றார. அவ்வியக்கம் மது, புகை, போதை யாவற்றையும் அறவே விலக்கியது. போதையர்களை மீட்க அவர்கள் கையாண்ட முறையை 1965இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் மால்கம் படிப்படியாக விவரிக்கிறார். முதலில், தான் அடிமை என்பதை அவன் தனக்குள் ஒப்ப வேண்டும். எதிலிருந்து தப்பியோடப் போதையை நாடினான் என்பதை அவனுக்கு உணர்த்துவர். வெள்ளை அமெரிக்காவில் கறுப்பனாய் வாழும் வேதனையே அது என்பர். விடுபட வழியுண்டு என்று காட்டுவர். நொறுங்கிப்போன தன்மதிப்பை மெல்லக் கட்டி எழுப்புவர். அதன்பின், அவனே விரும்பிப் பழக்கத்தை ஒரேயடியாய் நிறுத்துவான். அந்தக் கொடிய நாட்களில், முன்பு அதே நரகத்தைக் கடந்துவந்த சகோதரர்கள் இரவும் பகலும் அருகிலிருந்து அவன் உடலைக் கழுவி, உணவூட்டி, பிடித்துக்கொள்வர். தேறியவன் தான் விட்டுவந்த அதே தெருவுக்குச் சென்று, தன் பழைய தோழர்களை வலைவீசிக் கொண்டுவர வேண்டும்.

இம்முறையில் மீண்டோர் எத்தனை பேர் என்பதற்கு நம்பத்தக்க கணக்கைத் தேடிப் பயனில்லை. அவ்வியக்கத்தின் பிற கொள்கைகளை ஏற்க இயலாதவர் பலர். மால்கமே 1964இல் அதிலிருந்து விலகினார், 1965 பிப்ரவரி 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும் பிலடெல்பியாச் சங்கம் விடையின்றி விட்ட கேள்விக்கு இங்கே ஒரு விடை இருந்தது. குடிகாரரை உள்ளே விடாதே என்றது அது. அவரைக் காவலுக்கு நிறுத்து என்றது இது. தீவின் மருத்துவமனையில் கிடைக்காத ஒன்று, தெருவுக்குத் திரும்பிய பின்னும் உடன்வரும் கூட்டம், இங்கே கிடைத்தது.

அரசு சென்ற வழி வேறு. ஹெராயினால் விளைந்த கொள்ளைக்கும் கொலைக்கும் அஞ்சிய ஹார்லெம் மக்கள், கடும் நடவடிக்கை வேண்டும் என்று தாமே குரலெழுப்பினர். ஓபீரியா டெம்ப்சி என்னும் பாப்டிஸ்ட் போதகர் அக்குரலின் முன்னணியில் நின்றார். 1973இல் நியூயார்க் மாநில ஆளுநர் ராக்பெல்லர் கொணர்ந்த சட்டம், சில அவுன்சு போதைப்பொருளுக்கே குறைந்தது பதினைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என விதித்தது. மருத்துவமும் வேலையும் நல்ல பள்ளியும் சேர்த்தே மக்கள் கேட்டனர். கிடைத்தது சிறை மட்டும். பின்னர் 'கிராக்' என்னும் மலிவான கோகெயின் பரவியபோது, 1986இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அநீதி வெளிப்படையானது. ஏழைக் கறுப்பர் வாழும் தெருக்களில் விற்ற கிராக் 5 கிராம் வைத்திருந்தால் எத்தனை ஆண்டு சிறையோ, வெள்ளைச் செல்வர் நுகரும் பொடிக் கோகெயினுக்கு அதே தண்டனை பெற 500 கிராம் வேண்டும். ஒன்றுக்கு நூறு! 2010இல்தான் இது ஒன்றுக்குப் பதினெட்டு என்று குறைக்கப்பட்டது. முற்றாக நீங்கவில்லை.

இதனால் விளைந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைப் போதையிலிருந்து காப்பவை தந்தையின் அண்மை, மாமனின் கண்டிப்பு, அண்டைவீட்டாரின் கண்காணிப்பு என்றால், அத்தந்தையையும் மாமனையும் ஆயிரக்கணக்கில் தொலைதூரச் சிறைகளுக்கு அனுப்பிய சட்டம் காப்பரணைத் தானே இடித்தது. காவல்துறை தேவையில்லை என்று நாம் கூறவில்லை. உறவைச் சிதைத்துவிட்டு ஒழுக்கத்தை எதிர்பார்த்தல் கிணற்றைத் தூர்த்துவிட்டு நீர் இறைப்பதாகும்.

வணிகத்தின் கையையும் மறத்தலாகாது. புகையிலை நிறுவனம் ஒன்று கறுப்பின மக்களையே குறிவைத்து 'அப்டவுன்' என்னும் புதிய சிகரெட்டைப் பிலடெல்பியாவில் விற்க முனைந்தது. ஆலனின் அதே நகர் இது. திருச்சபைகளும் நலவாழ்வு அமைப்புகளும் ஊர்ச் சங்கங்களும் ஒன்றுகூடி எதிர்த்தன. 1990 சனவரியில், கடைக்கு வருமுன்னரே அந்தச் சிகரெட்டு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில், அபிசீனியன் கோயிலின் போதகர் கால்வின் பட்ஸ், சபையோரைத் திரட்டிக்கொண்டு ஹார்லெம் தெருக்களில் இறங்கி, மதுவுக்கும் சிகரெட்டுக்கும் வைத்திருந்த விளம்பரப் பலகைகள் மீது வெள்ளையடித்தார். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது எது என்பதை ஊரே முடிவு செய்ய வேண்டும் என்பதே அவர்தம் வாதம்.

இனி, ஆய்வாளர் கூற்றுக்கு வருவோம். சமயப்பற்று இளைஞரைத் தீநெறியிலிருந்து காக்குமா என்பதை டிராவிஸ் ஹிர்ஷியும் ராட்னி ஸ்டார்க்கும் கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான மாணவரிடம் வினவி ஆராய்ந்தனர். கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் ஆகிய இரு சாராரிடையே குற்றங்களில் வேறுபாடில்லை என்று 1969இல் அவர்கள் அறிவித்தது பெரும் சலசலப்பை உண்டாக்கியது. 1974இல் பர்கெட், ஒயிட் என்னும் இருவர் மீண்டும் ஆராய்ந்து, திருட்டு முதலிய குற்றங்களில் வேறுபாடில்லை என்பது மெய்யாயினும், மதுவிலும் கஞ்சாவிலும் வேறுபாடுண்டு எனக் கண்டனர். ஸ்டார்க் 1982இல் தம் முடிவையே திருத்தினார். சுற்றியுள்ள ஊரார் பலரும் சமயப்பற்றுடையோராய் இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளையின் பற்று அவனைக் காக்கிறது. யாரும் பொருட்படுத்தாத இடத்தில் அவனது தனிப்பற்றுக்கு அத்தனை வலிமையில்லை என்றார். நமக்கு இது புரியாத தத்துவமன்று. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊரே புலாலையும் மதுவையும் நிறுத்துகிறது. தனியொருவன் நோன்பிருந்தால் மூன்றாம் நாளே தோழன் வந்து கலைக்கிறான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1975 முதல் ஆண்டுதோறும் அமெரிக்க மாணவரிடம் போதைப் பழக்கம் பற்றி வினவி வருகின்றனர். மதுவிலும் சிகரெட்டிலும் கறுப்பின மாணவர் வெள்ளை மாணவரைவிடக் குறைவாகவே ஈடுபட்டனர் என்பதைப் பல்லாண்டுக் கணக்குகள் காட்டுகின்றன. சிறையில் நிறைந்தவர் யார், குறைவாகப் பயன்படுத்தியவர் யார் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கும். அண்மை ஆண்டுகளில் கஞ்சாவைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜான் வாலசும் உடன் ஆய்வாளரும் 2003இல் வெளியிட்ட முடிவு நுட்பமானது. கறுப்பின மாணவரிடம் சமயப்பற்றும் மிகுதி, போதை விலக்கும் மிகுதி. ஆயினும், தனித்தனி மாணவனை எடுத்துக்கொண்டால், பற்றுடையவனுக்கும் பற்றில்லாதவனுக்கும் உள்ள இடைவெளி வெள்ளையரிடமே கூடுதலாய் இருந்தது. கோயிலுக்குப் போகாத கறுப்பினப் பிள்ளையும் கோயிலுக்குப் போகும் பாட்டியின் நிழலிலேயே வளர்ந்தான் என்று நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம்.

சமயத்தின் துணையின்றியே இதனைச் சாதித்தவரும் உண்டு. ஐஸ்லாந்து நாட்டில் 1998இல், பதினைந்து பதினாறு வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியிருந்தனர். 2016இல் அது 5 ஆயிற்று. நாள்தோறும் புகைப்போர் 23லிருந்து 3 ஆகக் குறைந்தனர். அங்கே பெற்றோர் தம்முள் ஒப்பந்தம் செய்துகொண்டு இரவில் தெருக்களைச் சுற்றிவந்தனர். பிள்ளைகள் இரவில் வெளியே தங்கும் நேரத்தைச் சட்டம் வரையறுத்தது. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. செல்வமும் சமத்துவமும் மிக்க சிறு நாடு அது. அதனை அப்படியே நம் குடியிருப்புக்குப் பெயர்த்துவிட முடியாது. பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் என்னும் ஒன்றுக்கு மட்டும் பணம் தேவையில்லை.

நம் முன்னோர் இவற்றை அறியாதவரல்லர். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் பஞ்சசீலத்தைப் போற்றியது. மயக்கும் பொருளை விலக்குதல் அவ்வைந்தனுள் ஒன்று. சென்னை இராயப்பேட்டையிலும், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் பகுதிகளிலும் அச்சங்கத்தார் கூடிப் பேசினர், படித்தனர், 1907இல் தொடங்கிய அவர்தம் இதழை வாசித்து விவாதித்தனர். பூமிக்கடியில் இறங்கி உயிரைப் பணயம் வைத்து உழைத்துவிட்டு மேலே வரும் சுரங்கத் தொழிலாளிக்குச் சாராயக் கடையைத் தவிர வேறொரு மாலைப்பொழுதும் இருந்தது என்றால், அதனை உண்டாக்கியவை இத்தகைய சங்கங்களே.

அரசின் கொள்கையோ நிலையாக நின்றதில்லை. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 1983இல் அரசே மது வணிகக் கழகம் அமைத்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கள்ளச்சாராயமும் ஒழிந்தபாடில்லை. 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிள்ளைகளுள் சிலர் தாய் தந்தை இருவரையும் ஒரே வாரத்தில் இழந்தனர். சட்டம் இன்று ஒன்றாகவும் நாளை வேறொன்றாகவும் இருக்கையில், பிள்ளையின் அருகே மாறாமல் நிற்கவேண்டிய பொறுப்பு ஊரையும் சங்கத்தையுமே சார்ந்துள்ளது.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு வழங்கிய இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் மது அருந்தேன் என்பதும் ஒன்று. களவு செய்யேன், பொய் பேசேன் என்பவற்றோடு அதுவும் சேர்ந்தே வரும். இலட்சக்கணக்கானோர் எழுந்து நின்று, ஒருவர் குரல் மற்றவர் காதில் விழ, அதனைச் சொன்னார்கள். உறுதிமொழி கூறிய குடும்பங்களை ஊர்தோறும் தொடர்ந்து பேணும் அமைப்பைக் கட்ட அண்ணலுக்குக் காலம் வாய்க்கவில்லை. அந்த நாளிலிருந்து டிசம்பர் 6ஆம் நாள் வரை அவருக்கு எஞ்சியிருந்தவை 53 நாட்களே. அப்பணி அந்தந்த ஊர் விகாரைகளுக்கும், மாணவர் விடுதிகளுக்கும், மாலைப் பள்ளிகளுக்கும், நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களுக்கும் வந்து சேர்ந்தது.